பென்ஷன் வாங்கிய நாயும் பெண் கேட்டுப் போன நானும்

ஒல்லியான உடம்பைக் கண்டால் பாவப்படுவதும், பளபளவென்று கொழுத்த உடம்பைக் கண்டால் கைகட்டி நிற்பதும் எனக்குப் பிறவியிலேயே வந்த கோளாறு. மனிதனானாலும் சரி, மாடானாலும் சரி, தொப்பை இருந்தால் பெரிய ஆள் என்று முடிவு கட்டிவிடுவேன். இதனால் பல இடங்களில் அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிந்த அசடு இருக்கிறதே, அது இன்னும் காயவில்லை. அன்றைக்கு என் கல்யாணமே ஒரு நாயின் வயதில் போய் மாட்டிக்கொண்டது.

இந்த விஷயத்தில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் நான் புதுச்சேரிக்காரன். வேலை செய்கிறவர் யார், பென்ஷன் வாங்குகிறவர் யார் என்பதை எங்கள் ஊரில் தூரத்திலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம். உப்பளம் என்கிற பகுதியில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பஞ்சாலையில் தறி ஓட்டும் வேலை. சட்டையைக் கழற்றினால் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அடுத்த தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த 'சொல்தா'க்கள் இருந்தார்கள். மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துவிடும். காலையில் நீள ரொட்டி, மாலையில் கடற்கரைப் பக்கம் இரும்புக் குண்டு உருட்டி விளையாட்டு, நடுவில் தூக்கம். ஒவ்வொருவரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்த மாதிரி மினுமினுவென்று இருப்பார்கள். உழைக்கிற உடம்பு எப்படி இருக்கும், ஓய்வெடுக்கிற உடம்பு எப்படி இருக்கும் என்று இருபத்தைந்து வருடம் இரண்டு தெருவையும் பார்த்து வளர்ந்தேன். பார்த்தேனே தவிர, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

அந்த சொல்தாக்களில் ஒருவர் முசே லூர்து. (துரை, ஐயா என்று மற்ற ஊரில் சொல்வதை எங்கள் ஊரில் முசே என்போம்.) அவருடைய இளைய மகள் ரோசலின். கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுவாள். நான் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பேன். பாட வராதவன் எதற்காக இரண்டு வருடமாக வந்து நிற்கிறான் என்பது பாதிரியார் உட்பட எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கடைசியில் என் அம்மா போய் அவள் அம்மாவிடம் பேசினார். அவள் அம்மாவுக்குச் சம்மதம். ரோசலினுக்குச் சம்மதம் என்று அவளே சொல்லிவிட்டாள். முசே மட்டும் என் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"பையன் என்னா படிச்சிருக்கான்?"

"விலங்கியல்ங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்கான். இன்னும் நிரந்தரம் பண்ணல."

"விலங்கியலா? அப்ப நாய் தெரியும். வரச் சொல்லு."

எனக்கு நாய் தெரியாது. கல்லூரியில் தவளை தெரியும், கரப்பான்பூச்சி தெரியும், அதுவும் குளோரோஃபார்ம் போட்ட பிறகு. உயிரோடு எழுந்து நடமாடும் எந்தப் பிராணியும் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

இருந்தாலும் போனேன். "பொன்ஷூர் முசே," என்றேன், வீட்டில் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்ட குரலில்.

"வா தம்பி, குந்து," என்றார் அவர் சாதாரணமாக.

உட்காரப் போனால் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் மெத்தை. மெத்தையில் ஒரு கறுப்பு நாய், தலையணையில் தலை வைத்துப் படுத்திருந்தது. அப்படி ஒரு பளபளப்பு! கழுத்தில் பித்தளை வில்லை தொங்கும் பட்டை. பெயர் ஜெனரால். (முசே பட்டாளத்தில் கடைசி வரை கார்ப்பரல்தான். ஒரு ஜெனரலுக்காவது தான் உத்தரவு போட வேண்டும் என்று வைத்த பெயர் என்று ரோசலின் பிறகு சொன்னாள்.) பின்கட்டில் முருங்கை மரத்தடியில் இன்னொரு கறுப்பு நாய் கட்டியிருந்தது. பெட்டை. பெயர் ஊசி. எலும்பும் தோலுமாக, ஒரு காது கிழிந்து, முன்காலில் தழும்போடு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவம், வயதாகிவிட்டது, இனி எத்தனை நாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

முசே ஆரம்பித்தார்.

"வேட்ட நாய்க்கு வாழ்க்க ரொம்ப சின்னது தம்பி. மொத வருஷம் செருப்பு கடிக்கும், அவ்ளோதான். ரெண்டாவது வருஷம் ஓடும், ஆனா எதுக்கு ஓடுறோம்னு அதுக்கே தெரியாது. மூணுலேருந்து ஏழு வரைக்கும்தான் அதோட காலம். காலும் இருக்கும், மூக்கும் இருக்கும், புத்தியும் இருக்கும். எட்டுல புத்தி இருக்கும், கால் இருக்காது. ஒம்பது ஆச்சின்னா ரெத்ரேத். அப்புறம் பன்னண்டோ பதிமூணோ, இருக்குற வரைக்கும் குந்திச் சாப்புட வேண்டியதுதான்."

ரெத்ரேத் என்றால் பிரெஞ்சில் பணி ஓய்வு. அவர் வீட்டில் மனிதனுக்கு என்ன சட்டமோ அதுதான் நாய்க்கும். ஓய்வு பெற்ற நாய்க்குக் கட்டில், கறி, தினமும் காலாற நடை. வேலை சொல்லக் கூடாது.

சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் விலங்கியலுக்கு இழுக்கு என்று நான் வாயைத் திறந்தேன். "நாய்க்கு ஒரு வருஷம்னா மனுஷனுக்கு ஏழு வருஷம்னு சொல்றாங்க முசே."

சொன்ன கையோடு மனசுக்குள் பெருக்கல் ஆரம்பமாகிவிட்டது. மூன்று ஏழு இருபத்தொன்று, ஏழு ஏழு நாற்பத்தொன்பது. அப்படியானால் எனக்கு நாய்க் கணக்கில் மூன்றரை. நான் உச்சத்தில் இருக்கிறேனா? முசேவுக்கு அறுபது, அப்படியானால் எட்டரை, அவருக்குப் புத்தி இருக்கும் கால் இருக்காது. இதில் அவர் என்னவோ கேட்டிருக்கிறார், நான் தலையாட்டியிருக்கிறேன்.

"அதாம்பா," என்றார் முசே. "இங்க ரெண்டு பேரு. ஒருத்தர் ரெத்ரேத், ஒருத்தர் டியூட்டி. எது எதுன்னு ஒனக்கு சொல்லவா வேணும், அதயே படிச்சவனாச்சே!"

"பாத்தாலே தெரியுதே முசே," என்றேன் நான். அந்த நாக்கை அன்றைக்கே அறுத்துத் தவளையோடு பாட்டிலில் போட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டை என்று முடிவாயிற்று. காலாப்பட்டுக்கு மேற்கே செம்மண் காட்டில் முந்திரித் தோப்புகள், அங்கே முயல் நிறைய. (இன்றைக்கு முயல் பக்கம் நாயை அவிழ்த்தால் வனத்துறை நாயையும் நம்மையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.) முசேவும் அவருடைய நண்பர் காதர் பாயும் விடியற்காலையில் பாயின் அம்பாசடர் காரில் போய் வலை கட்டி வைப்பார்கள். பாய் அப்போதுதான் காருக்குப் புது சீட் உறை தைத்திருந்தார், நாய்க்கு அனுமதி இல்லை. ஆகவே நாய் பின்னால் பஸ்ஸில் வரும். கூட்டி வருவது என் பொறுப்பு.

முந்தின நாள் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் ரோசலின் என்னைத் தனியே நிறுத்தினாள்.

"எங்க வீட்ல எந்த நல்ல காரியமும் முயல் கொழம்பு கொதிக்கும்போதுதான் பேசுவாங்க. எங்க அக்கா கல்யாணமும் அப்டித்தான் முடிவாச்சி. நாளைக்கி முயல் கெடச்சாதான் அப்பா வாயத் தொறப்பாரு. இல்லன்னா ஒண்ணும் பேச மாட்டாரு. அடுத்த வாரம் பாரிசுலேருந்து எங்க அத்த மவன் லீவுல வர்றான்."

"வந்தா?"

"வந்தா அவனும் வேட்டைக்கி போவான்," என்றாள். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நாயக் கூட்டிட்டுப் போங்க. பேசாம இருங்க. அது பாத்துக்கும்."

காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். புதிதாகத் தைத்த பெல்பாட்டம் பேண்ட் போட்டிருந்தேன். ஒவ்வொரு காலிலும் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம், அவ்வளவு அகலம். வீட்டில் அம்மாவும் மகளும் பூசைக்குப் போயிருந்தார்கள். நானும் இரண்டு நாய்களும்தான்.

சந்தேகமே இல்லாமல் கட்டிலுக்குப் போனேன். இருந்தாலும் படித்தவனாயிற்றே, சோதித்துப் பார்த்தேன். ஜெனராலின் மோவாயெல்லாம் நரை. பதவி என்றால் சும்மாவா என்று நினைத்தேன். வாயைத் திறந்து பார்த்தேன். பாதிப் பல் இல்லை, மீதி தேய்ந்திருந்தது. எத்தனை முயலைக் கடித்திருக்கும்! பிறகு முருங்கை மரத்தடிக்குப் போனேன். ஊசி என் கையில் இருந்த சங்கிலியைப் பார்த்ததும் குதித்தது, சுற்றியது, அழுதது. வாயில் பல் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பாவம், இதற்குக் கடிக்க எதுவுமே கிடைப்பதில்லை போலிருக்கிறது என்று எனக்குக் கண் கலங்கியது. வழிக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்து மொத்தத்தையும் அதன் முன்னால் கொட்டினேன்.

"நீ வீட்டுலயே இரு தாயி. ஒன் வயசுக்கு ஓட முடியாது," என்று தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

ஜெனரால் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அனுபவசாலிகள் வீணாக அசைய மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டு இரண்டு கையாலும் தூக்கித் தரையில் நிறுத்தினேன். தெருவுக்கு வந்ததும் திடீரென்று சுறுசுறுப்பாக இழுத்தது. ஆகா, மோப்பம் பிடித்துவிட்டது என்று ஓடினேன். அது நேரே ரொட்டிக் கடையில் போய் நின்றது. கடைக்காரர் பேசாமல் ஒரு பன்னைப் போட்டார். சாப்பிட்டது. பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பியது. அங்கிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நான்தான் அதை இழுத்தேன். எங்கள் இருவருக்குள் இதில் உடன்பாடு இல்லை.

பஸ்ஸில் கண்டக்டர் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

"முசே வூட்டு நாயாச்சே. ஒடம்பு சரியில்லியா? ஆஸ்பத்திரிக்கா?"

"வேட்டைக்கு."

அவர் ஜெனராலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் பேண்ட்டைப் பார்த்தார்.

"யாரு வேட்டையாடப் போறது? நீங்களா?"

இவருக்கென்ன நாயைப் பற்றித் தெரியும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜெனரால் என் காலடியில் படுத்துக் காலாப்பட்டு வரை குறட்டை விட்டது.

முந்திரித் தோப்பில் எங்களை முதலில் பார்த்தவர் காதர் பாய். "யா அல்லா," என்றார். அடுத்து முசே திரும்பினார். பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். நீளமாக, மூச்சு விடாமல், கையை வானத்துக்கு உயர்த்தி. என்னைப் பாராட்டுகிறாரோ என்று புன்னகையோடு நின்றேன்.

"பாய், முசே என்னா சொல்றாரு?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒனக்கு புரியலல்ல? அல்லா ஒன் மேல பிரியமாத்தான் இருக்கான் தம்பி."

முசே தமிழுக்கு இறங்கி வந்தார். "தம்பி, இவருக்கு என்னா வயசு?"

பரீட்சை என்று புரிந்தது. தயாராக இருந்தேன். "அஞ்சு, முசே. நல்ல காலம்."

"பதினொண்ணு."

"அப்ப வீட்ல இருக்கறது?"

"அது அஞ்சு."

எனக்குத் தலை சுற்றியது. பதினொன்று மெத்தையில் மினுமினுக்கிறது, ஐந்து மரத்தடியில் எலும்பாக நிற்கிறது. இரண்டையும் மனசுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், எப்படி வைத்தாலும் தலைகீழாகவே இருந்தது. "ஆனா அது ரொம்ப ஒல்லியா..." என்று இழுத்தேன்.

"ஓடுறது ஒல்லியாத்தான்டா இருக்கும்! கொழுப்பு வெச்சிக்கிட்டு எவன் மொயல் புடிக்கிறது? ஒங்கப்பா எப்டி இருக்காரு? நான் எப்டி இருக்கேன்? பாத்ததில்ல நீ?"

எனக்கு அப்பாவின் விலா எலும்புகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஜெனராலையும் முசேவையும் மாறி மாறிப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே தொப்பை, ஒரே நரை, ஒரே மினுமினுப்பு. முதல் நாளே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். வெட்கமாக இருந்தது. அதைவிட, ரோசலின் கையைவிட்டுப் போய்விட்டாள் என்கிற பயம் பெரிதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து ஒரு முயல் வந்தது. வந்து நின்றது. ஜெனரால் அதைப் பார்த்தது. அது ஜெனராலைப் பார்த்தது. ஓடலாமா வேண்டாமா என்று முயலுக்கே தெரியவில்லை. ஜெனரால் கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பி, மரத்தடியில் இருந்த கூடைக்குள் தலையை விட்டது. மதியத்துக்காக வைத்திருந்த ரொட்டி அதற்குள் இருந்தது.

நானே பிடிக்கிறேன் என்று பாய்ந்தேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. நாலு எட்டு ஓடியிருப்பேன், இடதுகால் பேண்ட்டை முள் பிடித்தது, வலதுகால் இடதுகால் பேண்ட்டை மிதித்தது. கன்று நட வெட்டி வைத்திருந்த குழிக்குள் குப்புற விழுந்தேன். மேலே காதர் பாய் சிரிக்கிற சத்தம் கேட்டது. முயலும் நின்று பார்த்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு முசே ஒரு மரத்தடியில், நான் ஒரு மரத்தடியில். ஜெனரால் நடுவில் நிம்மதியாகத் தூங்கியது. கிழிந்த பேண்ட்டோடு பஸ் ஏறுவது எப்படி, பாரிஸ் அத்தை மகன் எவ்வளவு உயரம் இருப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வண்டிப்பாதையில் சைக்கிள் மணி கேட்டது.

ரோசலின்! பூசைக்குப் போட்ட கவுனோடு, தலை கலைந்து, முகமெல்லாம் செம்மண் புழுதியோடு மிதித்துக்கொண்டு வந்தாள். பக்கத்திலேயே ஓடி வந்தது ஊசி. பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். கட்டில் காலி, மரத்தடியில் ஊசி. ஒரே பார்வையில் நடந்தது புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் சைக்கிளை மரத்தில் சாய்த்து, ஊசிக்குத் தண்ணீர் காட்டி, கொஞ்சம் மூச்சு வாங்கவிட்டு, கழுத்துப் பட்டையை அவிழ்த்தாள். அது ஓடியதை நான் பார்க்கவில்லை, இங்கே இருந்தது, அடுத்த நொடி இல்லை, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது வாயில் முயல் இருந்தது. மெல்ல நடந்து வந்து முசேவின் காலடியில் வைத்தது.

வீடு திரும்பினோம், குழம்பு கொதித்தது. முசே வாயைத் திறந்தார்.

"இவனுக்கு எது வேல பாக்குது எது குந்திச் சாப்புடுதுன்னுகூட தெரியல. இவனுக்கு எப்டி பொண்ணு குடுக்கறது?"

"அவருக்கு தெரியாதுப்பா," என்றாள் ரோசலின், முகத்தைக் கழுவிக்கொண்டே. "எனக்கு தெரியும். வீட்ல ஒருத்தருக்கு தெரிஞ்சா போதும்."

"இவங்கிட்ட என்னாத்தக் கண்ட நீ?"

"ஊசி முன்னாடி பிஸ்கெட் காயிதம் கெடந்துச்சிப்பா. ஒண்ணுத்துக்கும் ஒதவாத கெழட்டு நாயின்னு நெனச்சிக்கினுதான அத்தினியும் குடுத்துட்டு வந்திருக்காரு. அது போதும் எனக்கு."

முசே எழுந்தே விட்டார். "வேட்டைக்கி முன்னாடி தீனி போட்டானா!" மறுபடியும் பிரெஞ்சு. காதர் பாய் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துத் தட்டில் ஒரு கால் துண்டைப் போட்டார். அதைத் தின்று முடித்த பிறகுதான் தீர்ப்பு வந்தது.

"ஒரு வருஷம் போவட்டும். இவனுக்கு இப்பதான் ரெண்டாவது வருஷம் நடக்குது. ஓடுறான், எதுக்கு ஓடுறோம்னு தெரியல."

ஒரு வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது. பாரிஸ் அத்தை மகன் மாலை எடுத்துக் கொடுத்தான். (என்னைவிட உயரம்தான்.) ஜெனரால் அதற்கு முன்பே மெத்தையிலேயே கண்ணை மூடியிருந்தது. அது போன அன்று முழுவதும் முசே கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

ஊசி ஒன்பது வயது வரை ஓடியது. எட்டில் முசே சொன்ன மாதிரியே கால் தயங்கியது. முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்குத் தெரியும், முன்னாலேயே போய் நிற்கும், ஆனால் பாய்வதற்குள் முயல் போய்விடும். ரெத்ரேத் அறிவித்த அன்றைக்கு முசே அதை மூலக்குளத்தில் நாங்கள் குடியேறியிருந்த வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலோடு, மெத்தையோடு, என்னிடம் ஒப்படைத்தார். "இப்ப நீ சொல்லு தம்பி, இது யாரு?" என்றார். "ரெத்ரேத், முசே," என்றேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அது மினுமினுவென்று கொழுத்து, மோவாய் நரைத்து, ஜெனரால் மாதிரியே ஆகிவிட்டது. தினமும் பிஸ்கெட் போடுவேன். போன அன்றைக்கு நான் அழுதேன், மறைக்கவில்லை. எனக்குப் பெண் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

இப்போது நானும் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றாயிற்று. தொப்பை, நரை, பிரம்பு நாற்காலி, எதிலும் குறைவில்லை. ரோசலின் இன்னும் தையல் மெஷினில் உட்காருகிறாள், சமைக்கிறாள், கடைக்கு ஓடுகிறாள். அவளுக்கு ரெத்ரேத் என்று யாரும் அறிவிக்கவில்லை, நான் உட்பட. எங்கள் வீட்டில் நான் எந்த வேலைக்கு நாற்காலியை விட்டு எழுந்தாலும் பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள், "ஜெனரால் எழுந்துட்டாரு!"

சமீபத்தில் மகள் ஒரு பையனைக் கூட்டி வந்து அறிமுகப்படுத்தினாள். உட்காருவதற்கு முன்னாலேயே அவனிடம் கேட்டாள். "மொதல்ல சொல்லு. இந்த வீட்ல டியூட்டி யாரு, ரெத்ரேத் யாரு?"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவமாக என்னைப் பார்த்தான். எனக்கு அவன் மேல் பெரிய பாசம் வந்தது. அப்போது ரோசலின் காபித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். ஒல்லியாக, கழுத்தெலும்பு தெரிய, நெற்றியில் வியர்வையோடு. பையன் சட்டென்று எழுந்து போய், "குடுங்க, நான் எடுத்துட்டு வரேன்," என்று தட்டை வாங்கிக்கொண்டான்.

ரோசலின் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருடம் அவள் கையில் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் நான். என்னவோ போலாகிவிட்டது. ஒரு தம்ளரையாவது வாங்கி வைப்போம் என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஜெனரால் எழுந்துட்டாரு!" என்று வீடே கத்தியது. ஒன்றும் புரியாமல் அந்தப் பையனும் சேர்ந்து கத்தினான்.

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். ரோசலின் என் பக்கத்தில் வந்து ஒரு பிஸ்கெட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.